ட்யூப்லைட்டின் கடைசி நாட்கள்

கோவையில் எலக்ட்ரானிக் சோக் செய்யும் சிறு பட்டறை ஒன்றில் சோதனை மேசை என் பொறுப்பில் இருந்தது. டி5 எனும் மெல்லிய வகை 28 வாட் ட்யூப்புக்கான முதல் தொகுதி ஒரு நூற்பாலைக்குப் போனது. பல மாதம் கழித்து ஆலையின் எலக்ட்ரீசியன் ஒரு பையோடு வந்தார்.

"ட்யூப் போனா போகட்டுமுங்க, மாத்திக்கலாம். ஹோல்டரே உருகிப்போச்சுங்க" என்று மேசைமேல் கொட்டினார். முனை கருத்த ட்யூப்கள், பொசுங்கி வளைந்த பிளாஸ்டிக். அவர் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சோக்குகளைச் சோதித்தேன். ஒன்றும் பழுதில்லை. பழுதாகாமல் ஓடியதுதான் வினையாகிவிட்டது. ட்யூப்பின் இரு முனை இழைகளிலும் எலக்ட்ரானை உமிழும் பூச்சு உண்டு. பெரும்பாலும் ஒரு முனையில் அது முதலில் தீரும். பிறகு மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் திணறியும் பாயும். ஒரு திசையில் மட்டும் மின்னோட்டம் விடும் டயோடு போல ட்யூப் பாதி ஆகிவிடும். பழைய இரும்புச் சோக்கில் இப்படிப்பட்ட ட்யூப் மினுக்கி மினுக்கி ஊரைக் கூட்டும். எலக்ட்ரானிக் சோக்கோ விடாமல் எரிக்கும். தேய்ந்த முனைதான் அந்த வெப்பத்தையெல்லாம் தாங்க வேண்டும். டி5-இன் விட்டம் 16 மில்லிமீட்டர்தான். 26 மில்லிமீட்டர் டி8 போல இழைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடம் கிடையாது.

ஐஇசி 61347-2-3 என்ற சர்வதேசத் தரநிலையில் இதற்கென்றே சோதனைகள் இருக்கின்றன. படித்திருந்தோம். விலை ஏறும் என்று தள்ளிப்போட்டோம். இன்றும் அது உறுத்துகிறது.

தேய்ந்த ட்யூப்பைக் கண்டுபிடித்துச் சோக்கே அணையும்படி செய்ய உட்கார்ந்தோம். சோக்கில் ட்யூப்போடு தொடராக, மின்னேற்றத்தைத் தேக்கும் ஒரு கப்பாசிட்டர் இருக்கும். இரு முனையும் சரியாக இருக்கும்வரை அதில் டிசி வோல்டேஜின் சரிபாதி நிற்கும், 400 வோல்ட்டுக்கு 200. ஒரு முனை தேய்ந்தால் அது மேலேயோ கீழேயோ நகரும். அதை ரெசிஸ்டர்களால் குறைத்து வோல்டேஜை ஓர் எல்லையோடு ஒப்பிடும் இரண்டு கம்பேரேட்டர்களுக்குக் கொடுத்தோம். எந்தப் பக்கம் எல்லை தாண்டினாலும் ட்யூப்பை எரிக்கும் ஆசிலேட்டர் நின்று, அப்படியே பூட்டிக்கொள்ளும்.

வரைந்தபோது சுலபமாக இருந்தது. ஆனால் புது ட்யூப்கூட எரியத் தொடங்கும் விநாடிகளில் கொஞ்சம் கோணலாகத்தான் எரிகிறது. சர்க்யூட் நல்லதையும் அணைத்தது. எல்லையைத் தளர்த்தினால் கெட்டது தப்பித்தது. ஆலையிலிருந்து வந்த அந்தக் கருத்த ட்யூப்களையே மாட்டி மாட்டிப் பார்த்தோம். கடைசியில் எல்லையில் கைவைக்கவில்லை, நேரத்தில் வைத்தோம். தொடக்கத்தில் கண்காணிப்பு இல்லை. பிறகும் நகர்வு நீடித்தால்தான் அணைப்பு.

அந்த எலக்ட்ரீசியன் இன்னொன்று கேட்டார்: "ஒரு ட்யூப் மாத்துறதுக்கு வரிசை முழுக்க அணைக்கோணுங்களா?" அதற்காக இழை வழியே சிறு டிசி மின்னோட்டம் விட்டோம். ட்யூப்பை எடுத்தால் அது அறுபடும், பூட்டு விலகும். புதிதை மாட்டினால் இழை சூடேறுவதிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும்.

ஆலையில் முதல் சோக்கை அவரே மாட்டினார். கருத்த ட்யூப் எரிந்து, சில விநாடிகளில் அணைந்தது. புதிதைப் போட்டதும் எரிந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு, ஏணியில் நின்றபடியே புறங்கையை ஹோல்டர் அருகே கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்.