கவிழ்த்து வைத்த அண்டாக்கள்

மன்னார்குடிப் பக்கத்து ஆளுக்குத் தண்ணீர் என்பது வாய்க்காலில் வருகிற சமாசாரம். வராவிட்டால் யாருடனாவது சண்டை போடலாம். அந்தப் புத்தியோடுதான் போன வைகாசியில் செட்டிநாட்டுக்குக் கிளம்பினேன். அக்கினி நட்சத்திரத்தில் அங்கே போகிறவன் பைத்தியக்காரன் என்று தேவகோட்டை நண்பர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை.

புதுக்கோட்டை தாண்டியதும் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. செம்மண், செம்புறாங்கல், சீமைக்கருவேலம், அப்புறம் பொட்டல், மறுபடி சீமைக்கருவேலம். பாலைவனம் என்றால் காரைக்குடிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகவே பெய்யும். ஆனால் நம் பழைய திணைக் கணக்கில் இது பாலைதான். பாலைக்கு உரியது பிரிவு. பொருள் தேடப் புருஷன் கிளம்பிப்போக, வீட்டில் இருப்பவள் நாள் எண்ணுகிற நிலம். செட்டிநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக யாராலும் சொல்ல முடியாது.

வழியில் திருமயத்தில் இறங்கினேன். 1687-ல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சி வெயிலில் பாறை மேல் ஏறி, பீரங்கியைப் பார்த்து, இறங்கி வந்து மூன்று டம்ளர் மோர் குடித்தேன். மோர்தான் நினைவிருக்கிறது.

கானாடுகாத்தான் தெருக்களில் நிற்கும்போது முதலில் உறைப்பது அளவு. ஒரு வீட்டின் வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையும் இங்கேதான். நான் போன நேரம் சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்கு இங்கே குறைவில்லை. ஒரே வீட்டில் பத்துப் பதினைந்து புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கல்யாணம் என்றால் எல்லாரும் வருவார்கள். மற்ற நாளில் காவல்காரரும் புறாக்களும்தான்.

இந்த வீடுகளைப் பார்க்கிற எல்லாரும் அண்ணாந்து பர்மாத் தேக்கைத்தான் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். ஆனால் அந்தத் தேக்கு எந்தக் காசில் வந்தது என்று யோசித்தால், டெல்டாக்காரனான எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. நகரத்தார் எனப்படும் இந்த ஊர்ச் செட்டியார்கள் கீழ்ப் பர்மாவில் கடை வைத்து வட்டிக்குக் கொடுத்தது பெரும்பாலும் ஐராவதி டெல்டாவின் நெல்லுக்கு. 1930 வாக்கில் உலகமெங்கும் விலை சரிந்தபோது நெல்லும் விழுந்தது. கடன் வாங்கிய குடியானவரால் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. 1930-ல் அங்கே நெல் விளையும் முக்கிய மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நாலில் ஒரு பங்கானது. இவர்களுக்கு வேண்டியது பணம், கிடைத்தது வயல். அதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான்; பலர் கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள். பிறகு சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கிக்கொண்டது. நிலத்தை இழந்த பர்மாக் குடியானவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரிதான் இருக்கும். முகப்புத் தூணைத் தடவிக்கொண்டே அதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

ஆக, தண்ணீர் புரண்டு ஓடுகிற வேறொரு நாட்டு டெல்டாவின் நெல், ஓர் ஆறு கூட முழுசாக ஓடாத இந்த மண்ணில் வீடாக நிற்கிறது.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற கல் போடும் பட்டறைக்குப் போனேன். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சு வைத்து, சாயம் கலந்த சிமெண்ட் கூழைக் கரண்டியால் பூவுக்கு ஒரு நிறம், இலைக்கு ஒரு நிறம் என்று ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் நிற்பதுதான் கை வித்தை. மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் பண்ணி, காயவிட்டு, தொட்டித் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடி பட்ட முகம்தான் அந்தப் பளபளப்பு. “மிச்சப் பாலிஷை உங்க காலு போடும், நடக்க நடக்க மினுங்கும்” என்றார் அங்கிருந்தவர். அந்த வெயிலில் தொட்டித் தண்ணீரில் கையை விட்டபடி கொஞ்ச நேரம் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு தங்கிய விடுதி ஒரு பழைய வீடு. பெயர் வேண்டாம். ராத்திரி மோட்டார் கெட்டுப்போனது, காலையில் குழாயில் காற்று மட்டும் வந்தது. நண்பருக்குப் போன் பண்ணினேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, “பள்ளத்தூர்ல எங்க ஆச்சி இருக்காங்க, அங்க போய்க் குளிங்க” என்றார். பள்ளத்தூர் என்றதும் எனக்கு நினைவு வந்தது மனோரமா. எங்கள் மன்னார்குடியில் பிறந்து இந்த ஊரில் வளர்ந்தவர். தமிழ்நாட்டுக்கே ஆச்சி ஆனார்.

நண்பரின் ஆச்சிக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். வீட்டில் அவரும் உதவிக்கு ஒரு பெண்ணும் மட்டும். வளவு முற்றத்தைச் சுற்றி ஏழெட்டு அண்டாக்கள் கவிழ்த்து வைத்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் உட்காரலாம். பழம்பொருள் கண்காட்சி போல இருக்கிறதே என்று நினைத்து, விலை போகுமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

“மழைக்கு வச்சிருக்கு தம்பி” என்றார்.

அப்புறம் அவரே காட்டினார். நாலு பக்கத்துக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிகிறது. மூலைக்கு ஒரு தகரத் தூம்பு. முதல் மழையை விட்டுவிடுவார்கள், ஓடு கழுவிக்கொள்ளட்டும் என்று. அடுத்த மழைக்குத் தூம்படியில் அண்டாவை வைத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். சமையலுக்கும் குடிக்கவும் அந்தத் தண்ணீர். மிஞ்சியது முற்றத்துக் கல்லில் உள்ள துளை வழியாகக் கொல்லைக் கிணற்றுக்கு. தெருவில் விழுவது வாய்க்காலாகி ஊருணிக்கு. குடிக்கிற ஊருணியில் அந்தக் காலத்தில் யாரும் காலை வைக்க முடியாதாம். குளிக்க வேறு, மாட்டுக்கு வேறு. பூம்புகாரில் கடல் கொண்டதால் கிளம்பி வந்தவர்கள், அதனால்தான் வீட்டை இவ்வளவு உயரத்தில் கட்டினோம் என்று சொல்லும் வழக்கமும் இங்கே உண்டு. தண்ணீருக்குப் பயந்து உயரத்தில் கட்டி, அதே தண்ணீரைத் துணி கட்டிப் பிடித்திருக்கிறார்கள்.

குளிப்பதற்கு முன்னாலேயே இலை போட்டுவிட்டார்கள். வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி, ஒரு கிண்ணம் கவுனி அரிசி. மறுக்கப் பார்த்தேன், ஆச்சி காதில் வாங்கவில்லை.

இடையில் ஒன்று. முந்தின நாள் சாயங்காலம் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்கும் போயிருந்தேன். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். கண்மாய் வெடித்துக் கிடந்தது, ஒரு நாரை கூட இல்லை. மழை முடிந்த மாதங்களில் வர வேண்டிய இடத்துக்கு வைகாசியில் போனது என் தப்பு. ஆனால் டீக்கடையில் இருந்தவர், “தீபாவளிக்கு வாங்க, எங்க ஊர்ல ஒரு வெடிச்சத்தம் கேக்காது” என்றார். பறவை மிரளும் என்று பல வருஷமாகவே அங்கே பிள்ளைகள் பட்டாசு வெடிப்பதில்லை. எனக்குச் செட்டிநாட்டில் ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால், அரண்மனைக்கு முன்னால் இதைச் சொல்வேன்.

சாப்பிட்டு முடித்துக் கொல்லைக்குப் போனேன். கிணறு ஆழம்தான், ஆனால் அடியில் தண்ணீர் மினுங்கியது. வாளியை இறக்கும்போது ஆச்சி படியில் வந்து உட்கார்ந்தார்.

“உங்க பக்கம் ஆத்துல தண்ணி வந்துருச்சா?”

“இன்னும் இல்ல ஆச்சி. ஜூன் 12-க்குத்தான் மேட்டூர் தொறப்பாங்க.”

“அதுவரைக்கும்?”

“போர்த் தண்ணிதான்.”

“மழை பேஞ்சா அதை எங்க விடுவீங்க?”

எங்கள் வீட்டு மாடித் தண்ணீர் குழாய் வழியாக நேராகச் சாக்கடைக்குப் போகிறது. நான் பதில் சொல்லாமல் கயிற்றை இழுத்தேன். “ரெண்டு வாளி போதும் தம்பி, பாத்து ஊத்திக்கங்க” என்றார் ஆச்சி.