தம்பியின் ஆறு தீவுகளை மூன்றாக்கிய கதை

வருகிற செப்டம்பர் கடைசியில் கிரேக்கத் தீவுகளுக்குப் போவது என்று பேசி முடித்த அன்றே தம்பி வரைபடத்தில் வட்டம் போட்டு அனுப்பிவிட்டான். மிகொனோஸ், பாரோஸ், நக்ஸோஸ், மிலோஸ், ஈயோஸ், சாண்டோரினி. கீழே ஒரு வரி: "தீவுக்கு ஒன்றரை நாள்க்கா. கணக்கு கரெக்டா வருது."

கணக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் போகப்போவது மூன்று பேர். நான், தம்பி, அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. மலைப்பாதையில் பஸ் இரண்டு வளைவு திரும்பினாலே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எங்கள் யாருக்குமே கப்பல் பழக்கம் கிடையாது. அதனால் திட்டம் போடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளாக ராத்திரியில் சீரியலுக்குப் பதில் கப்பல் அட்டவணைதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த ஒன்றரை நாளைப் பற்றி. நக்ஸோஸுக்கும் பாரோஸுக்கும் நடுவில் கப்பலில் ஒரு மணி நேரத்துக்குள்தான். "பக்கத்துத் தெரு மாதிரி" என்றான் தம்பி. ஆனால் அறையைப் பதினோரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். கப்பல் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ இருக்கும். அதற்கு முன்னால் பெட்டியோடு துறைமுகத்தில் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் இறங்கி, அறை தேடி, சாவி வாங்கி, முகம் கழுவி வெளியே வரும்போது மாலை நான்கு. ஒரு மணி நேரக் கடல் பயணம் ஒரு முழுப் பகலைத் தின்றுவிடுகிறது. ஆறு தீவு என்றால் இப்படி ஐந்து பகல். மிச்சம் இருப்பதில் பெட்டியை அடுக்கவும் பிரிக்கவும்தான் நேரம் இருக்கும்.

இரண்டாவது விஷயம், தீவுகள் வரைபடத்தில் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சைக்ளேட்ஸ் என்கிற இந்தக் கூட்டத்தில் இருநூறுக்கு மேல் தீவுகள், ஆட்கள் வசிப்பது அதில் இரண்டு டஜன் அளவுக்குத்தான். கப்பல்கள் பஸ் ரூட் மாதிரி தனித்தனித் தடத்தில் ஓடுகின்றன. ஏதென்ஸின் பெரிய துறைமுகமான பிரேயஸிலிருந்து பாரோஸ், நக்ஸோஸ், சாண்டோரினி என்று கீழே இறங்கும் தடம் ஒன்று. கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ், மிலோஸ் என்று மேற்கே போகும் தடம் இன்னொன்று. விமான நிலையத்துக்குக் கிட்டே ரஃபினா என்று வேறொரு துறைமுகம் இருக்கிறது; ஆண்ட்ரோஸ், தினோஸ், மிகொனோஸ் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஒரே தடத்தில் இருக்கும் தீவுகளுக்கு நடுவே தினமும் கப்பல் உண்டு. தடம் மாறினால், கோடை உச்சத்தில் வேகக் கப்பல்கள் குறுக்கே ஓடும்; செப்டம்பர் கடைசியில் அது குறைந்துகொண்டே வரும்.

ஆக முதல் வெட்டு மிலோஸுக்கு. எனக்கும் வருத்தம்தான். சரக்கினிகோ என்ற இடத்தில் கடலோரம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் பாறை. படத்தைப் பார்த்தால் விடவே மனசு வராது. ஆனால் அந்தப் பாறைக்காக இரண்டு நாளைக் கப்பலுக்குக் கொடுக்க முடியாது. மேற்குத் தடத்துக்கு என்று தனியாக இன்னொரு முறை போக வேண்டியதுதான். ஈயோஸ் ராத்திரி கொண்டாட்டத்துக்குப் பேர் போனது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே எதற்கு என்று கேட்டதும் தம்பியே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான்.

மிகொனோஸும் வேறு தடம் என்பதால் போயிற்று. அதை விட்டதில் எனக்கு ஒரே குறை, பக்கத்தில் இருக்கும் தேலோஸ். கிரேக்கக் கடவுள் அப்போலோ பிறந்ததாகச் சொல்லப்படும் தீவு. 1990இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. புனித இடம் என்பதால் அங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று கிமு ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ்காரர்கள் சட்டம் போட்டு, பழைய கல்லறைகளைத் தோண்டி எடுத்து எதிரே இருந்த தீவுக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகள் ராத்திரி தங்க அனுமதி இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப பிரசவ வலி எடுத்தா என்னடி பண்ணுவாங்க?" என்றார். படகில் ஏற்றிப் பக்கத்துத் தீவுக்கு அனுப்பிவிடுவார்களாம். "நல்ல சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். சீசனில் நக்ஸோஸிலிருந்தே தேலோஸுக்குப் பகல் சுற்றுப் படகு விடுகிறார்கள் என்பதால் அந்த ஆசையை இன்னும் முழுசாக விடவில்லை.

இனி காற்று. இந்தத் திட்டத்தில் நான் அதிகம் படித்தது இதைத்தான்.

இந்தத் தீவுகள் இருக்கும் ஏஜியன் கடலில் கோடைக்காலத்தில் வடக்கேயிருந்து ஒரு காற்று வீசும். மெல்டெமி என்பார்கள். பால்கன் நாடுகள் பக்கம் காற்றழுத்தம் கூடி, துருக்கிப் பக்கம் குறைந்திருக்கும்போது நடுவில் இருக்கும் கடல் வழியாக அது அடித்துக்கொண்டு வரும். ஜூலை, ஆகஸ்டில்தான் உச்சம். தொடங்கினால் நாள் கணக்கில் நிற்காது. இதில் ஏமாற்றுகிற விஷயம், மேகமே இருக்காது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், மொபைலில் சூரியன் படம் சிரிக்கும், கடலில் மட்டும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும். அதனால் மழை வருமா என்று பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவு எத்தனை என்று பார்க்க வேண்டும். காற்று ஒரு அளவைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல் கிளம்பத் தடை போட்டுவிடுவார்கள். முதலில் நிற்பது சின்னப் படகுகளும், கட்டமரான் என்கிற இரட்டை அடிப்பாகம் கொண்ட வேகக் கப்பல்களும். பெரிய கப்பல்கள் அதற்கு மேலும் கொஞ்சம் தாங்கும். கப்பல் ரத்தானால் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், இல்லை அடுத்த கப்பலில் இடம் கேட்கலாம். ஆனால் அடுத்த தீவில் நாம் முன்பணம் கட்டி வைத்த அறைக்கு யாரும் பொறுப்பில்லை.

ஆகஸ்டை விட்டுவிட்டு செப்டம்பர் கடைசியை நான் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். அதற்குள் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், கோடை முழுக்கச் சூடேறிய கடல் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். தவிர ஆகஸ்ட் 15 மாதாவின் பெருவிழா. அதையொட்டிய நாள்களில் கப்பலில் கால் வைக்க இடம் இருக்காது.

வேகக் கப்பலா, மெதுவான கப்பலா என்பதில் எனக்கும் தம்பிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை. பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்குப் பெரிய கப்பல் ஏழரை, எட்டு மணி நேரம் எடுக்கும். கட்டமரான் ஐந்து மணி நேரத்தில் போய்விடும். "மூணு மணி நேரம் மிச்சம்" என்கிறான். ஆனால் அதில் பெரும்பாலும் கண்ணாடிக்குள் அடைத்துவைத்தது போல உட்கார்ந்தே போக வேண்டும். அலை எழுந்தால் நன்றாகத் தூக்கிப்போடும், டிக்கெட்டும் விலை கூடுதல். பெரிய கப்பலில் மேல் தளத்தில் காற்றாட நிற்கலாம், காபி குடிக்கலாம், அம்மா காலை நீட்டிக்கொள்ளலாம். வயிற்றைப் புரட்டுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் எண் போட்ட சாய்வு இருக்கை கிடைக்கும். அம்மாவுக்கு அதுதான்.

கப்பலில் ஏறி இறங்குவதை நிறைய வீடியோவில் பார்த்தேன். கப்பல் பின்பக்கமாகத் துறைக்குள் வருகிறது. முழுசாக நிற்பதற்கு முன்பே பின்கதவு சங்கிலிச் சத்தத்தோடு இறங்கத் தொடங்குகிறது. உள்ளே லாரிகளும் கார்களும் நிற்கும் அதே தளத்தின் ஓரத்தில் இரும்பு அடுக்குகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தீவின் பெயர். நம் தீவின் பெயர் உள்ள அடுக்கில் பெட்டியைப் போட்டுவிட்டு மாடிக்கு ஏற வேண்டும். இறங்கும்போது ஊர் வருவதற்குள்ளேயே கீழே வந்து, டீசல் வாசனையில், பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நிற்க வேண்டும். பல தீவுகளில் கப்பல் நிற்பது சில நிமிடங்கள்தான். கதவு தரையைத் தொட்டதும் இறங்குகிறவர்கள் ஒரு பக்கம், ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் ஒருவர் விசில் அடித்து லாரியை நகர்த்துகிறார். இதைப் பார்த்த பிறகு ஆளுக்கு ஒரே பெட்டி, அதுவும் ஒரு கையால் தூக்குகிற பெட்டி என்று உத்தரவு போட்டுவிட்டேன். அம்மாவின் பெட்டி தம்பியின் பொறுப்பு.

சரி, வழி என்ன ஆனது? முதலில் ஏதென்ஸில் ஒரு ராத்திரி. விமானம் இறங்கும் அன்றே கப்பல் பிடிப்பதாக இருந்தால் ஒரு தாமதத்தில் எல்லாம் கவிழும். விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு இப்போது மெட்ரோவிலேயே போய்விடலாம். அந்தத் தடத்தை 2022இல் துறைமுகம் வரை நீட்டிவிட்டார்கள். மறுநாள் நேராக, தம்பியின் பட்டியலில் இல்லாத கூஃபொநிசி. நக்ஸோஸுக்குத் தென்கிழக்கே இருக்கும் பொடித் தீவுகளில் ஒன்று, நடந்தே பார்த்துவிடலாம். நக்ஸோஸிலிருந்து அங்கே 'எக்ஸ்பிரஸ் ஸ்கொபெலிதிஸ்' என்ற பிரபலமான குட்டிக் கப்பல் ஓடுகிறது. பெயரில்தான் எக்ஸ்பிரஸ். காற்று அடித்தால் அது ஆடுகிற ஆட்டத்தை வீடியோவில் பார்த்து அம்மா, "இதுல நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். நல்ல வேளையாக வாரத்தில் சில நாள் பிரேயஸிலிருந்து வரும் பெரிய கப்பலும் கூஃபொநிசியைத் தொடுகிறது. அந்த நாளைப் பார்த்துத்தான் மற்ற எல்லாத் தேதியையும் பின்னால் வைத்துக் கட்டியிருக்கிறேன். கப்பல் குறைவாக வரும் தீவை முதலில் முடித்துவிட்டால், ஏதாவது பிசகினாலும் சரிக்கட்டப் பின்னால் நாள் இருக்கும். அதைக் கடைசியில் வைத்து மாட்டிக்கொண்டால் ஊர் திரும்பும் விமானமே போய்விடும்.

அடுத்து நக்ஸோஸ், அதிக நாள் அங்கேதான். சைக்ளேட்ஸிலேயே பெரிய தீவு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மலை, பளிங்குக் கல் பாவிய மலைக்கிராமங்கள், நடந்து இறங்கும் கடற்கரைகள். துறைமுகத்தை ஒட்டியே கிமு ஆறாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கோயிலின் பளிங்கு வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. கடலுக்கு எதிரே வெறும் நிலைவாசல், பின்னால் ஒன்றுமே இல்லை. பாரோஸையும் சேர்க்கச் சொல்லித் தம்பி இன்னும் நச்சரிக்கிறான். ஒரு நாள் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பி வா, பெட்டியைத் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் சாண்டோரினி, அங்கிருந்து ஏதென்ஸுக்கு விமானம். வந்த வழியே கப்பலில் திரும்புவது வீண். "பூகம்பம் வந்த ஊராச்சே" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரியில் தொடர் நடுக்கத்தால் ஆயிரக்கணக்கானவர்கள் தீவைவிட்டு வெளியேறினார்கள், அவசரநிலையே அறிவித்தார்கள். பிறகு அடங்கி, அந்த வருஷக் கோடையில் சுற்றுலா மறுபடி நடந்தது. அந்தத் தீவே ஒரு எரிமலை வெடித்து நடுப்பகுதி உள்ளே இறங்கியதால் உண்டான பிறை வடிவம்; நாம் படத்தில் பார்க்கிற வெள்ளை வீடுகள் உட்கார்ந்திருப்பது அந்தப் பள்ளத்தின் விளிம்பில். உல்லாசக் கப்பலில் வருகிறவர்களை நாளுக்கு 8,000 பேர் என்று 2025 முதல் கட்டுப்படுத்துகிறார்கள். அதுவே எவ்வளவு கூட்டம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எத்தனை கப்பல் என்ற பட்டியல் முன்கூட்டியே கிடைக்கும். கப்பல் குறைவான நாளில் ஓயா கிராமத்துக்கு அதிகாலையில் போவதாகத் திட்டம்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை: ஆன்லைனில் காட்டும் அறை வாடகையில் பெரும்பாலும் அரசு வரி சேராது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு ஒரு அறைக்கு ராத்திரிக்கு 5 யூரோ, நான்கு நட்சத்திரத்துக்கு 10 யூரோ, அங்கே போய்க் கட்ட வேண்டும். இன்னொன்று, செப்டம்பர் மாத அட்டவணை முழுசாக இன்னும் வெளிவரவில்லை. போன வருஷ அட்டவணையை வைத்துத்தான் இவ்வளவும். அதனால் எல்லா அறையும் ரத்து செய்யக்கூடியதாகவே பார்த்துப் போட்டிருக்கிறேன். டிக்கெட் திறந்ததும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும்.

பாக்கி இருப்பது சாண்டோரினி அறை மட்டும். அந்தச் சரிவில் கட்டிய வீடுகளுக்கு ஏறி இறங்கப் படிதான், அம்மாவின் முட்டிக்கு அது ஆகாது. எத்தனை படி என்று கேட்டு மூன்று இடங்களுக்கு எழுதினேன். ஒருவர் "கொஞ்சம்தான்" என்று பதில் போட்டு, கூடவே மொட்டை மாடிப் படம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கி ஓரத்தில் தெரிகிற படிகளைத் தம்பி எண்ணிக்கொண்டிருக்கிறான், முப்பதைத் தாண்டிவிட்டான். சமதளமாக இருக்கும் கமாரிப் பக்கம் தேடலாம் என்று நினைக்கிறேன்.