மூன்றாவது வளைவு: சரணாலய நாட்குறிப்பு

ஏப்ரல் 2, புதன்

சரணாலயத்துக்கு வருகிறவர்களிடம் கேட்கச் சொல்லி என் கையில் கொடுத்த படிவத்தில் 41 கேள்விகள், ஆறு பக்கம். வெயிலில் நடந்து களைத்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறவரிடம் இதை நீட்டினால் அவர் என்ன செய்வார்? முதல் பக்கத்தை ஒழுங்காக நிரப்புவார், இரண்டாவதில் அவசரப்படுவார், மூன்றாவதிலிருந்து எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போவார். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது.

உட்கார்ந்து வெட்டினேன். ஒவ்வொரு கேள்வியிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: பதில் இப்படி வந்தால் சரணாலயத்தில் எதை மாற்றுவோம், அப்படி வந்தால் எதை மாற்றுவோம்? இரண்டுக்கும் ஒன்றும் மாறாது என்றால் அந்தக் கேள்வி போகட்டும். மாத வருமானம் போனது. தொழில் போனது. பெயரும் போன் நம்பரும் முதலிலேயே போயின. எந்த ஊரிலிருந்து வருகிறார் என்பது தெரிந்தால் போதும், அவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. மிஞ்சியவை 13.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. அங்கே ஒரு மத்திய அரசு அலுவலகம் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ ஒரே கேள்விகளைக் கேட்பதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 1995-ஆம் ஆண்டின் காகித வேலைக் குறைப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கேட்பதற்கு முன் பொதுமக்களின் கருத்துக்கு அறிவிப்பு வெளியிட வேண்டும். நிரப்ப எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் மதிப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். தேசிய வனவிலங்குப் புகலிடங்களுக்கு வருகிறவர்களிடம் கேட்கும் கேள்விகளும் இதில் அடக்கம். படித்தபோது இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றியது. இப்போது அந்தச் சட்டத்தின் மேல் மரியாதை வந்திருக்கிறது. அடுத்தவர் நேரத்தை வாங்குகிறோம், அதற்குக் கணக்கு வைப்பதுதான் முறை.

ஏப்ரல் 4, வெள்ளி

நடைபாதைத் தொடக்கத்தில் இருக்கும் இன்ஃப்ராரெட் கவுன்ட்டரைச் சோதித்தோம். இந்தப் பக்கக் கம்பத்திலிருந்து அந்தப் பக்கக் கம்பத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கற்றை போகிறது, யாராவது குறுக்கே போனால் ஒன்று கூடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து நடந்தால் அதற்கு ஒரே ஆள்தான். கற்றையின் முன்னால் கோரை ஆடினால் அதுவும் ஒரு ஆள்.

ஒரு மணி நேரம் கிளிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று எண்ணினேன். என் கையில் 74, இயந்திரத்தில் 61. இயந்திரத்தின் எண்ணை 1.21-ஆல் பெருக்க வேண்டும். போனவர்கள் இதே வழியில்தான் திரும்புகிறார்கள், அதனால் அப்புறம் இரண்டால் வகுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வரும்போது இந்த 1.21 போதாது, அன்றைக்குத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பத்தின் முன்னால் இருந்த கோரையைக் காவலர் அண்ணன் அரிவாளால் சீவிவிட்டார்.

வாகன நிறுத்தத்தில் வண்டிகள் ஏறிப்போகும் ரப்பர் குழாய் எண்ணுவது சக்கர அச்சுகளைத்தான். ஒரு வண்டிக்குச் சராசரியாக எத்தனை பேர் என்பது நாம் நின்று பார்த்துச் சொல்ல வேண்டியது. கடைசியில் எல்லா இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு மனிதர் நின்றே ஆக வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் நாள் படிவம். வெளியேறும் வாசலில் நின்றோம். உள்ளே போகிறவரிடம் கேட்டால் அவர் என்ன நினைத்து வந்தார் என்பதைத்தான் சொல்ல முடியும். அமெரிக்க வனத்துறை தன் தேசியக் காடுகளில் நடத்தும் கணக்கெடுப்பிலும் வெளியே வருகிறவர்களைத்தான் நிறுத்திக் கேட்கிறார்கள்.

ஒவ்வொரு ஐந்தாவது குழுவையும் நிறுத்தினோம். குழுவில் யார் நிரப்புவது என்பதில் ஒரு பழைய உத்தி உண்டு: கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யாரோ அவர். இல்லாவிட்டால் எப்போதும் குழுவின் பெரியவர் பேனாவை வாங்கிவிடுவார், இல்லையென்றால் நன்றாகப் பேசுகிறவர் வாங்கிவிடுவார். இன்று ஒரு குடும்பத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு முறை வந்தது. அப்பா எட்டிப் பார்த்துப் பதில் சொல்லிக்கொடுக்க, "அப்பா, எனக்குத்தான் கொடுத்திருக்காங்க" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பாதையில் ஓர் இடத்தில் தனக்குப் பயமாக இருந்தது என்று எழுதியிருந்தாள். அவள் அப்பா நிரப்பியிருந்தால் அந்த வரி வந்திருக்காது.

மறுத்தவர்கள் 17 பேர். அவர்களையும் ஒரு தாளில் குறித்தேன்: மணி, எத்தனை பேர், கையில் பைனாகுலர் இருந்ததா, குழந்தை இருந்ததா. பெயர் வேண்டாம், இது போதும். மறுத்தவர்களில் முக்கால்வாசி குழந்தையோடு வந்தவர்கள். அப்படியென்றால் நிரம்பிய தாள்கள் குழந்தையில்லாதவர்கள் பக்கம் சாய்ந்திருக்கின்றன. இதைக் குறிக்காமல் விட்டிருந்தால் அந்தச் சாய்வு தெரிந்தே இருக்காது.

ஏப்ரல் 7, திங்கள்

மழை. கவுன்ட்டர் 9 காட்டியது. படிவம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மாலை நான்கரைக்கு மடக்கு ஸ்டூலோடு ஒரு அம்மா வந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். வாரத்தில் இரண்டு நாள் வருவாராம், எந்த நாணலில் எந்தப் பறவை அடையும் என்பது மனப்பாடம். படிவத்தை மூக்குக்கண்ணாடி போட்டு நிதானமாக நிரப்பினார். கூட்டம் தொந்தரவாக இருந்ததா என்ற கேள்விக்கு 'இல்லவே இல்லை' என்று டிக் அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு இல்லைன்னுதாம்மா போடணும். ஞாயித்துக்கிழமை வர்றத விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அப்ப வந்து கேட்டிருந்தா வேற சொல்லியிருப்பேன்."

இரவெல்லாம் இதே நினைப்பு. கூட்டம் பிடிக்காதவர்கள் நாளை மாற்றிக்கொள்கிறார்கள், இல்லையென்றால் வருவதையே விட்டுவிடுகிறார்கள். வாசலில் நிற்கிற எனக்குக் கிடைப்பதெல்லாம் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்கிறவர்களின் பதில். நெரிசல் கூடக் கூட, நெரிசல் இல்லை என்று சொல்கிறவர்களே மிஞ்சுவார்கள். படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன்: முன்பு வேறு நாளில், வேறு நேரத்தில் வந்துகொண்டிருந்தீர்களா? ஏன் மாற்றினீர்கள்? 13 இப்போது 14.

ஏப்ரல் 13, ஞாயிறு

நடைபாதையின் மூன்றாவது வளைவில் நெடுங்கால் உள்ளான் என்ற நீர்ப்பறவை கூடு வைத்திருக்கிறது. கூடு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சேற்றுத் திட்டின் மேல் கொஞ்சம் காய்ந்த தண்டு, நடுவில் நான்கு முட்டை. பாதையிலிருந்து முப்பது மீட்டர் இருக்கும்.

காலை ஏழிலிருந்து பத்து வரை வரப்பின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பறவையையும் மனிதர்களையும் ஒரே தாளில் குறித்தேன். நடந்துகொண்டே போகிறவர்களை அது கண்டுகொள்ளவில்லை. யாராவது நின்றால் கழுத்தை நிமிர்த்தும். நின்று கையை நீட்டிக் காட்டினால் எழுந்து நிற்கும். பாதையை விட்டு இறங்கி நாலு அடி வைத்தால் போதும், சிவந்த நீளக் கால்கள் பின்னால் தொங்க, கத்திக்கொண்டே பறந்துவிடும். மூன்று மணி நேரத்தில் 11 தடவை எழுந்தது. அதிகபட்சமாக ஏழு நிமிடம் முட்டைகள் வெறும் வெயிலில் கிடந்தன.

ஏழு நிமிடம் கழித்துத் திரும்பிவந்த பறவை நேராகக் கூட்டுக்குப் போகவில்லை. தண்ணீரில் இறங்கி, காலை மடித்து, வயிற்றை நனைத்துக்கொண்டது. மறுபடியும் ஒரு முறை நனைத்தது. அப்புறம் மெல்ல நடந்துபோய், ஈர இறகை விரித்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. முட்டையைக் குளிர்விக்க இந்த இனம் செய்கிற வேலை இது என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது இன்றுதான்.

அந்த நேரத்தில் இறங்கி நின்று படம் எடுத்தவர்களில் இரண்டு பேர் பின்னால் வாசலில் என் ஐந்தாவது குழுவில் சிக்கினார்கள். இருவரும் அருமையான மனிதர்கள். குப்பை ஒன்றைக்கூடப் போடவில்லை, வழியில் கிடந்ததையும் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். 'உங்கள் வருகையால் விலங்குகளுக்குத் தொந்தரவு ஏற்பட்டதாக நினைக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு இருவருமே 'இல்லை' என்று எழுதினார்கள். மனமறிந்த பொய் இல்லை, அவர்களுக்குத் தெரியவில்லை. பறவை தானாகவே பறந்தது என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இதே விஷயத்தை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஆன்டெலோப் தீவில் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நடக்கிறவர்களையும் மிதிவண்டிக்காரர்களையும் கண்டு காட்டெருமை, கோவேறு மான், கவைக்கொம்பு மான் மூன்றும் எவ்வளவு தூரத்தில் மிரள்கின்றன என்று அளந்தார்கள். வந்தவர்களிடமும் கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் தங்களால் விலங்குகளுக்குக் கெடுதல் இல்லை என்றே நம்பினார்கள். எவ்வளவு நெருங்கலாம் என்று அவர்கள் சொன்ன தூரம், விலங்குகள் உண்மையில் பொறுத்துக்கொண்ட தூரத்தைவிடக் குறைவு. பாதையில் போகிறவர்களைவிட, பாதையை விட்டு விலகி நடக்கிறவர்களைக் கண்டுதான் விலங்குகள் அதிகம் மிரண்டன. என் மூன்று மணி நேரத் தாள் அதற்குப் பக்கத்தில் ரொம்பச் சின்னது. ஆனால் கதை ஒன்றுதான்.

படிவம் மட்டும் போதாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மனிதரிடம் கேட்கிற அதே நேரத்தில் பறவையிடமும் கேட்க வேண்டும். அதன் பதில் எழுந்து நிற்பதும் பறப்பதும்தான்.

அலுவலகத்தில் எல்லோரும் கேட்பது 'ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம்?' என்ற ஒரே எண்ணை. 1964-இல் வாகர் என்ற ஆய்வாளர் காட்டுநிலங்களின் தாங்குதிறன் பற்றி, அதாவது எத்தனை பேர் வந்தால் அவை தாங்கும் என்பது பற்றி, எழுதிய காலத்திலிருந்தே அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இருபது ஆண்டு கழித்து, 1985-இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு மாற்றம் வரை ஏற்றுக்கொள்வோம் என்பதை முதலில் எழுதி வை, அதை அளந்துகொண்டே இரு, எல்லை தாண்டினால் செயலில் இறங்கு என்றார்கள். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. அமைதியாக நடந்துபோகும் இருநூறு பேரைப் பொறுத்துக்கொள்ளும் பறவை, இறங்கி நிற்கும் இரண்டு பேரைப் பொறுத்துக்கொள்வதில்லை. எண்ணிக்கையே முக்கியமில்லை என்று சொல்லவில்லை. மலைக் கொரில்லாவைப் பார்க்க ஒரு குழுவில் எட்டுப் பேர், ஒரு மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள், அங்கே அது வேண்டும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது எங்கே நிற்கிறார்கள் என்பதை.

ஏப்ரல் 20, ஞாயிறு

படிவத்தின் பின்பக்கம் சரணாலய வரைபடத்தை அச்சடித்தோம். 'நின்று பார்த்த இடங்களில் ஒரு புள்ளி வையுங்கள். மிகவும் பிடித்த இடத்தில் ஒரு நட்சத்திரம்.' எழுதத் தயங்குகிறவர்கள்கூடப் புள்ளி வைக்கத் தயங்கவில்லை. குழந்தைகள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்கள். மறுத்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

இரவு எல்லா வரைபடங்களையும் ஒரே தாளில் ஏற்றினேன். மூன்றாவது வளைவு புள்ளிகளால் கறுத்துவிட்டது. நட்சத்திரமும் அங்கேதான் அதிகம். வந்தவர்கள் மிகவும் நிறைவடையும் இடமும், பறவை அதிகத் தடவை முட்டையை விட்டு எழும் இடமும் ஒன்றேதான். நிறைவை மட்டும் அளந்து 'எல்லோரும் மகிழ்ச்சி' என்று அறிக்கை எழுதியிருந்தால், இந்த இடத்தைத்தான் பெரிதாக்கச் சொல்லியிருப்பார்கள்.

ஏப்ரல் 23, புதன்

அலுவலகத்தில் ஆலோசனைக் கூட்டம். பருவம் முடியும்வரை பாதையையே மூடிவிடலாம் என்று ஒரு கருத்து. நான் எதிர்த்துப் பேசினேன். வனவிலங்குதான் முதலில் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. அமெரிக்கப் புகலிடங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த வரிசையில்தான் நிற்கிறது: வனவிலங்குப் பாதுகாப்போடு ஒத்துப்போனால்தான் எந்தப் பொழுதுபோக்குக்கும் இடம், அப்படி ஒத்துப்போகும் பறவை பார்த்தல், புகைப்படம், கல்வி போன்றவற்றுக்கு முன்னுரிமை. ஆனால் தாளில் தெரிவது ஒரே ஒரு வளைவு. அதற்காக இரண்டு கிலோமீட்டர் பாதையையும் மூடினால், ஸ்டூலோடு வரும் அந்த அம்மாவையும் சேர்த்து வெளியே நிறுத்துகிறோம். நட்சத்திரம் வைத்தவர்கள்தான் நாளைக்கு இந்த இடத்துக்காகப் பேசப்போகிறவர்கள்.

முடிவு: வளைவில் பன்னிரண்டு மீட்டருக்கு நாணல் தட்டி. பார்க்கத் துளைகள் இரண்டு உயரத்தில், குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் கீழ்த்துளை. தட்டியின் இரு முனையிலும் இறங்கும் இடத்தில் கயிறு. ஏற்கும் எல்லையையும் எழுதி வைத்தோம்: மூன்று மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் பறவை எழுந்தால் மறுபடியும் கூடிப் பேசுவது. அப்போது மூடுவதானால் நானும் கை தூக்குவேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தட்டி வந்தபின் முதல் ஞாயிறு. ஏழிலிருந்து பத்து, அதே இடம், அதே தாள். கவுன்ட்டர் எண் திருத்தியபின் 13-ஆம் தேதிக்குக் கிட்டத்தட்ட அதேதான். பறவை எழுந்தது 3 தடவை. ஒரு தடவை மனிதர் காரணமில்லை, மேலே பருந்து.

ஒரு தாத்தா பேரனைத் தூக்கி மேல்துளையில் காட்டப்போனார். "எனக்கு என் ஓட்டை இருக்கு தாத்தா" என்று அவன் கீழே இறங்கிக் குனிந்துகொண்டான். இருவரும் அப்படியே பத்து நிமிடம், சத்தமே இல்லை.

ஒரு நாள் கணக்கு போதாது. தட்டி புதிது என்பதாலேயே மக்கள் அடக்கமாக இருந்திருக்கலாம். வார நாள், மாலை நேரம் எல்லாம் பார்க்க வேண்டும்.

மே 5, திங்கள்

மூன்று பொரிந்திருக்கின்றன. நான்காவது முட்டை அப்படியே கிடக்கிறது. ஆரம்பத்தில் வெயிலில் கிடந்ததாலா, வேறு காரணமா, சொல்ல வழியில்லை. தாளில் 'பொரியவில்லை' என்று மட்டும் எழுதினேன்.

மே 6, செவ்வாய்

குஞ்சுகள் கூட்டில் தங்கவில்லை. இந்த இனத்தில் பொரிந்த சில மணி நேரத்திலேயே நடக்கத் தொடங்கிவிடும். தாயும் தந்தையும் முன்னும் பின்னும் கத்திக்கொண்டு, மூன்று சாம்பல் பஞ்சு உருண்டைகளை ஆழமில்லாத தண்ணீர் வழியாக நான்காவது வளைவுப் பக்கம் கூட்டிப்போகின்றன. அங்கே தட்டி இல்லை. புள்ளிகள் இதுவரை அங்கே குறைவு, ஆனால் குஞ்சு இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வளைவும் ஒரே வாரத்தில் கறுத்துவிடும். கயிற்றைக் காவலர் அண்ணன் இன்றே அவிழ்த்து அங்கே கொண்டுபோயிருக்கிறார். நாளை காலை ஆறரைக்குத் தாளோடு அங்கே உட்கார வேண்டும், வாசலில் படிவத்துக்கு வேறு ஆள் கேட்டிருக்கிறேன்.