தரவரிசைப் பட்டியலை எப்படிப் படிப்பது: வெளிநாட்டு முதுகலைக்கு விண்ணப்பித்த அனுபவம்

கடலூரில் பி.எஸ்ஸி. இயற்பியல் இறுதியாண்டு படித்தபோது, வாரத்தில் இரண்டு மாலை புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்ப் பிரெஞ்சு கற்றுக்கொண்டே, பிரான்சில் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் வேலையைத் தொடங்கினேன். உலகத் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து, பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களை மேலிருந்து கீழாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் பல ஆண்டு கணக்கு எழுதிய அப்பா, மஞ்சக்குப்பத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் புரட்டிவிட்டு, "இந்த நம்பரெல்லாம் எதை எதோட கூட்டி வந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது தெரிந்துகொண்டவற்றை, இப்போது விண்ணப்பிக்கத் தயாராகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஷாங்காய் பட்டியலை எடுத்துக்கொண்டேன். 2003இல் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகம் தொடங்கிய இந்தப் பட்டியலில், நோபல் பரிசோ கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ பெற்ற பழைய மாணவர்களுக்கு 10 விழுக்காடும், அவற்றைப் பெற்ற ஆசிரியர்களுக்கு 20 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. மற்ற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டும் ஆய்வாளர்களுக்கு 20, 'நேச்சர்', 'சயன்ஸ்' ஆகிய இரண்டு இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20, மொத்தக் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு 20 போக, எஞ்சிய 10தான் இவற்றை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் அளவு. ஆகவே பெரிய, பழைய, அறிவியல் சார்ந்த நிறுவனங்கள் இதில் இயல்பாகவே மேலே நிற்கும். வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதை இந்த ஆறு அளவுகளில் ஒன்றுகூட நேரடியாகப் பார்ப்பதில்லை.

பிரிட்டனிலிருந்து வரும் இன்னொரு உலகத் தரவரிசையான கியூ.எஸ். பட்டியலின் கணக்கு வேறு. அதில் கல்வியாளர்களிடம் நடத்தும் கருத்துக்கணிப்புக்கு மட்டும் நெடுங்காலம் 40 விழுக்காடு இருந்தது. ஆசிரியர் - மாணவர் விகிதத்துக்கு 20. 2023இல் வெளியான பட்டியலில் முன்னது 30 ஆகவும் பின்னது 10 ஆகவும் குறைக்கப்பட்டு, வேலைவாய்ப்பு, பன்னாட்டு ஆய்வுத் தொடர்பு, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பைப் பார்க்கும் நிலைத்தன்மை ஆகியவை புதிதாகச் சேர்ந்தன. இதை அப்பாவிடம் சொன்னபோது, பழைய பேரேட்டுத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டார். கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு 30ம் ஆசிரியர் விகிதத்தில் 90ம் வாங்கும் ஒரு கல்வி நிறுவனத்தைக் கற்பனை செய்துகொண்டால், பழைய முறையில் இந்த இரண்டு இனங்களில் 12ம் 18ம் சேர்ந்து 30 புள்ளி வரும். புதிய முறையில் 9ம் 9ம் சேர்ந்து 18தான். ஓர் ஆசிரியர்கூட விலகாமல், ஒரு மாணவர்கூடக் கூடாமல், அந்த இனங்களில் 12 புள்ளி போய்விடுகிறது. அதன் பிறகு, ஓராண்டில் ஒரு பல்கலைக்கழகம் நாற்பது இடம் இறங்கியது என்ற செய்தியைப் படித்தால், கணக்கு முறை மாறியதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இயற்பியல் மாணவன் என்பதால் மேற்கோள் எண்ணிக்கையில் அதிக நேரம் செலவிட்டேன். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015இல் வந்த ஓர் இயற்பியல் கட்டுரையை எழுதியவர்கள் 5,154 பேர். அப்படிப்பட்ட கூட்டாய்வில் இரண்டொரு பேர் இருந்தாலே ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் மேற்கோள் சராசரி எங்கோ உயரே போய்விடும் என்பதால்தான், மூன்றாவது உலகத் தரவரிசையான டைம்ஸ் உயர்கல்விப் பட்டியல் அதே ஆண்டில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்து எழுதிய கட்டுரைகளை விலக்கியது. அதற்கு முன், 2010இல், எகிப்தின் அலெக்சாந்திரியா பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலின் மேற்கோள் பிரிவில் உலகின் முதல் சில இடங்களுக்குள் வந்ததற்கு, ஒரே ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் பெருங்காரணமாக இருந்தன.

மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளங்களில் ஆங்கில இதழ்களே மிகுதி என்பதால், தமிழில் எழுதப்படும் ஆய்வு அந்த எண்ணிக்கையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. புதுச்சேரிக் கடற்கரையோரம் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். 1955இல் தொடங்கிய அந்த நிறுவனம் காத்துவரும் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அது பல்கலைக்கழகம் அல்லாததால் இந்தப் பட்டியல்கள் எதிலும் வராது. சுவடியியல் கற்க விரும்பும் ஒருவர் பட்டியலை மட்டும் நம்பினால், தம் ஊரிலேயே இருக்கும் இடத்தைத் தவறவிட நேரும் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பட்டியலில் பெயர் இல்லாததையும் தரக்குறைவாகக் கொள்ளக் கூடாது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.கள் 2020இல் டைம்ஸ் பட்டியலில் பங்கேற்பதில்லை என்று அறிவித்தன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் 2023இல் அந்தப் பட்டியலிலிருந்து விலகிக்கொண்டது.

பிரான்சுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பல நிறுவனங்களை ஒன்றிணைத்து உருவான பாரிஸ்-சக்லே பல்கலைக்கழகம், 2020இல் முதல் முறையாக ஷாங்காய் பட்டியலில் நுழைந்தபோதே 14ஆம் இடம் பெற்றது. அங்கே நல்ல ஆய்வு நடக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆய்வகங்கள் இணைப்புக்கு முன்பும் அதே தரத்தில்தான் இயங்கின. தனித்தனிப் பெயர்களில் சிதறிக் கிடந்த கட்டுரைகளும் பதக்கங்களும் ஒரே பெயரின் கீழ் எண்ணப்பட்டதே அந்த இடத்துக்கு முக்கியக் காரணம்.

முதல் சுற்றில் நான் வரிசைப்படி மேலே இருந்த நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்து, நான்கிலும் மறுக்கப்பட்டேன். ஒரு கடிதத்தில், நான் படித்த பாடங்கள் அவர்களின் பாடத்திட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று காரணம் எழுதியிருந்தது. அந்தப் பாடத்திட்டத்தை விண்ணப்பிக்கும் முன் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு நோட்டின் பத்திகளை மாற்றினேன். ஒட்டுமொத்த இடத்துக்குப் பதிலாகப் பாடவாரியான பட்டியலில் உள்ள இடம். அதுவும் 151-200 என்பது போன்ற அடுக்காக மட்டும், ஏனென்றால் பட்டியலின் நடுப்பகுதியில் பத்து இடங்களுக்கு இடையே புள்ளி வேறுபாடு மிகச் சிறியது. அதற்குப் பக்கத்தில் பருவவாரியான பாடங்கள், பயிற்றுமொழி, கோடைக்கால ஆய்வகப் பயிற்சி உண்டா என்பது, கட்டணம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் முதுகலை மாணவருக்குப் பிரெஞ்சு அரசு 2019இல் ஆண்டுக் கட்டணத்தை 3,770 யூரோவாக உயர்த்தியபோதும், பல பல்கலைக்கழகங்கள் விலக்களித்தன. எந்தத் தரவரிசையிலும் இது தெரியாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பிலும்தான் தேட வேண்டும். அங்கே படித்துக்கொண்டிருந்த புதுச்சேரி அக்கா ஒருவருக்கு எழுதி, ஓர் ஆசிரியர் எத்தனை மாணவருக்கு ஆய்வேடு வழிநடத்துகிறார் என்றும் கேட்டுக்கொண்டேன். "ஒருவருக்கு மூன்று பேர்" என்று மறுநாளே பதில் வந்தது.

எனக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகம், முதல் நோட்டில் நான் எழுதாமலே விட்ட ஒன்று. கட்டண விலக்குக் கடிதத்தை அப்பாதான் இரண்டு முறை படித்தார்.