பெங்களூர் லிங்கராஜபுரத்தில் கேரல் சீசன்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

இன்று கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பாடகர் குழுத் தலைவர் மைக்கில் சொல்லிவிட்டார்: 22ஆம் தேதி கேரல் ஆராதனையில் சபையின் வட்டாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பாட்டு, ஐந்து நிமிடத்துக்குமேல் போகக்கூடாது. போன வருடம் ஒரு வட்டாரத்தார் சரணத்துக்குமேல் சரணமாகப் பாடி, எல்லாருக்கும் பிரியாணி ஆறிப்போனது. அதனால் வந்த சட்டம்.

எங்கள் வட்டாரத்தில் கீபோர்டு இருக்கும் வீடு எங்களுடையது. ஆகவே ஒத்திகையும் சண்டையும் இங்கேதான். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அப்பா ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டார். "போனி எம் போட்டுரலாம்." மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

தாத்தாக்களுக்கு மெதுவான பாட்டுதான் பிடிக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அப்பாவுக்கு இப்போது 74. போனி எம் குழுவின் 'மேரிஸ் பாய் சைல்ட்' 1978இல் வந்தபோது அவருக்கு 28. ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை, மாதச் சம்பளம், பெல்பாட்டம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. டிஸ்கோ அவர் காதில் விழாமல் யார் காதில் விழும்?

அதற்கும் முன்னால் கோலார் தங்கவயல். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தார். லைன் வீட்டில் பிள்ளைகள் கூட்டம், கொஞ்ச தூரத்தில் ஆங்கிலோ இந்தியர் வீடுகள். டிசம்பர் வந்தால் அந்த வீடுகளின் ரேடியோகிராமிலிருந்து ஜிம் ரீவ்ஸ் பாடிக்கொண்டே இருப்பாராம். அவருடைய கிறிஸ்மஸ் இசைத்தட்டு 1963இல் வந்தது. அடுத்த வருடமே விமான விபத்தில் இறந்துபோனார். அமெரிக்காவில் எத்தனை பேர் இன்று அவரை நினைக்கிறார்களோ, கே.ஜி.எஃப்.பிலிருந்து பெங்களூருக்கு வந்த எங்கள் ஜனம் விட்டபாடில்லை. ஆக அப்பாவின் கிறிஸ்மஸில் இரண்டே பேர்: ஜிம் ரீவ்ஸ் அழுத்தமாக, போனி எம் ஆட்டமாக.

இந்தப் பாட்டு போனி எம்முடையதே இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் என்ற கறுப்பின அமெரிக்கர் எழுதியது. ஹாரி பெலஃபான்டே 1956இல் பதிவு செய்து, அடுத்த வருடம் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. போனி எம் குழுவை ஜெர்மனியில் உருவாக்கியவர் ஃபிராங்க் ஃபாரியன். ஆண் குரல்கூட அவருடையதுதான், மேடையில் ஆடிய பாபி ஃபாரெல் வாயசைத்தார் என்று நான் சொன்னேன். அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "அதனால என்ன? ஆடினாரு இல்ல?"

டிசம்பர் 7, சனி

தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து அத்தை, என் மாமியார், வந்தாயிற்று. கூடவே ஒரு டின் முந்திரிக்கொத்து, கருப்பட்டி, அட்டை கிழிந்து தைத்துப்போட்ட கீர்த்தனைப் புத்தகம். இனிமேல் வீட்டில் நான்கு தரப்பு.

சாயங்காலம் சமையலறையில் என் போனில் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' ஓடிக்கொண்டிருந்தது. அத்தை வெங்காயம் உரித்தபடி முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "ஏம்மா, இதுல இயேசு எங்க இருக்காரு?" என்றார்.

இல்லைதான். போன கிறிஸ்மஸுக்கு ஒருத்திக்கு மனசைக் கொடுத்தான், அவள் மறுநாளே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள். சலங்கை மணிச் சத்தத்தை எடுத்துவிட்டால் ஒரு சாதாரணக் காதல் தோல்விப் பாட்டு. ஆனால் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய காஸெட்டில் அந்தப் பாட்டு வரும் இடத்தில் நாடா தேய்ந்து குரல் கோணலாகக் கேட்கும்வரை ஓட்டியவள் நான். இன்றைக்கும் சுத்தமான பதிவைக் கேட்டால் ஏதோ குறைகிறது. இதையெல்லாம் அத்தையிடம் விளக்க முடியுமா? "அடுத்த பாட்டுல வருவாரு அத்தை" என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

முதல் ஒத்திகை. ஒரு பாட்டும் தேறவில்லை. டீ மட்டும் இரண்டு தடவை.

டிசம்பர் 12, வியாழன்

எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக என் மகள்தான் கீர்த்தனை கேட்கிறாள். பி.யூ. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ. காதில் எந்நேரமும் ஹெட்செட், உள்ளே கொரியப் பாட்டுக் குழு பி.டி.எஸ். நான் மரியா கேரியின் 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்மஸ்' சொல்லிப் பார்த்தேன். 1994இல் வந்து, அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு 2019இல்தான் ஏறிய பாட்டு, உன் காலத்துப் பாட்டும் ஆயிற்று என்று. "அம்மா, அது மால் பாட்டு. நவம்பர்லயே ஆரம்பிச்சிடறாங்க. ட்ரயல் ரூமுக்குள்ளயும் விடறதில்ல."

அவளுக்கு வேண்டியது 'பெத்தலகேம் ஊரோரம்'. யாரோ ஒரு பெண் வயலினோடு அதைப் பாடிய ரீலைப் பார்த்திருக்கிறாள். கிடாரை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்து ஆச்சிக்குப் பாடிக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு, வரி முடிவில் குரல் காற்றாகக் கரைகிறது.

அத்தை அப்போது அச்சு முறுக்கு போட்டுக்கொண்டிருந்தார். அச்சை எண்ணெயில் காய வைத்து, மாவில் முக்கால்வாசி மட்டும் அமிழ்த்தி (முழுக்க மூழ்கினால் மாவு மேலே மூடிக்கொள்ளும், முறுக்கு கழலவே கழலாது), திரும்ப எண்ணெயில் வைத்து, ஓரம் சிவந்ததும் ஓர் உதறு. மகள் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அத்தை மூன்று முறுக்கு எடுத்துவிட்டார்.

"ஏட்டி, யாரு செத்துட்டா?"

"ஆச்சி!"

"பின்ன என்ன? பிள்ள பொறந்துருக்கு, ஊரே ஓடிப் போய்ப் பாக்குது. நீ என்னமோ எடுப்பு வீட்டுல ஒக்காந்த மாதிரி இழுக்க. இந்தா, இப்படிப் பாடணும்." அச்சை உதறிக்கொண்டே ஆரம்பித்தார். உதறல் ஒவ்வொன்றும் தாளத்தில் விழுந்தது. வேகம் என்றால் வேகம், நான் கை தட்டத் தொடங்கிவிட்டேன். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்து, "சம்பந்தியம்மா, இதுக்கு டிரம்ஸ் போட்டா போனி எம்தான்" என்றார். "நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி."

எனக்குப் புரிந்தவரை இந்த வீட்டில் பழசு, புதுசு என்ற தகராறே கிடையாது. எல்லாச் சண்டையும் வேகத்தில்தான். கிழவர்கள் இருவரும் ஓடச் சொல்கிறார்கள். பதினேழு வயதுக்காரி நிற்கச் சொல்கிறாள். நாளெல்லாம் பரீட்சை, டியூஷன், பஸ் என்று ஓடுகிறவளுக்குப் பாட்டாவது மெதுவாக இருக்கட்டும் என்று தோன்றுகிறதோ என்னவோ.

டிசம்பர் 15, ஞாயிறு

கேரல் ரவுண்ட்ஸ். டெம்போ டிராவலரில் கொள்ளாத கூட்டம், முன்சீட்டில் பஞ்சுத் தாடி கழன்ற கிறிஸ்மஸ் தாத்தா. காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி என்று சுற்றினோம். பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுவதற்கும் உள்ள விதி. பத்தானதும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெறும் தொண்டையில் பாடினோம். உண்மையைச் சொன்னால் அதற்குப் பிறகுதான் பாட்டு கேட்கும்படி இருந்தது.

ஓர் அபார்ட்மென்டில் கீழ்த்தளத்துக் கன்னடக்கார அம்மா, கையில் பேரனோடு, 'ஒயிட் கிறிஸ்மஸ்' கேட்டார். பாடினோம். திரும்பி வரும்போது வண்டியில் ஒரு பையன் நக்கல் செய்தான்: பெங்களூரில் எங்கே பனி, ஏரி நுரைதான் வெள்ளையாக மிதக்கிறது என்று. சிரித்தோம். ஆனால் அந்தப் பாட்டே பனியில்லாத ஊரின் ஏக்கம்தான். இர்விங் பெர்லின் எழுதிய முகப்பு வரிகள் கலிபோர்னியாவில், பச்சைப் புல்லும் பனைமரமுமாக நடக்கின்றன. அந்த வரிகளைப் பெரும்பாலும் யாரும் பாடுவதில்லை. பிங் கிராஸ்பி 1942இல் அதைப் பதிவு செய்ததும் லாஸ் ஏஞ்சலஸில், மே மாதத்தில். எழுதியவர் ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர். கிறிஸ்மஸ் கொண்டாடும் வீட்டில் வளராதவர். நம்மைவிட எந்த விதத்தில் அவருக்கு உரிமை அதிகம்? தாராளமாகப் பாடலாம்.

டிசம்பர் 18, புதன்

வட்டாரக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கிடாருக்கு ஆட்சேபம். கீர்த்தனைக்குக் கிடாரா, கோவிலா கல்லூரி விழாவா என்று. மகள் வாயைத் திறக்குமுன் அத்தை கேட்டார்: "'ஒப்பில்லா திரு இரா' மொதல்ல எதை வச்சுப் பாடுனாங்க, தெரியுமா?"

எனக்கே ஆச்சரியம். 'சைலன்ட் நைட்' பாட்டின் தமிழ் வடிவம் அது. முந்தின நாள் ராத்திரி மகள் அவருக்குச் சொன்னதாம். 1818 கிறிஸ்மஸுக்கு முந்தின இரவு, ஆஸ்திரியாவில் ஓபர்ண்டார்ஃப் என்ற சிற்றூர்க் கோவிலில், பாட்டை எழுதிய உதவிப் பாதிரியார் யோசப் மோர் கிடாரை வாசிக்க, மெட்டுப் போட்ட பள்ளி ஆசிரியர் கிரூபர் கூடப் பாடினார். பெரியவர் மௌனமானார். நாங்கள் பைப் ஆர்கனில் இழுத்து இழுத்துப் பாடும் பாட்டு அது.

தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் பேச்சும் வந்தது. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்தவர், தஞ்சாவூரில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம், பின்னால் மன்னரான சரபோஜியோடு படித்தவர். குறவஞ்சியையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். அன்றைக்கு ஊர்ச்சனம் கூத்திலும் கோவிலிலும் கேட்டுக்கொண்டிருந்த மெட்டுகள்தானே அவருக்கும் கைகொடுத்தன. பின்னால் வந்த மிஷனரிகள் தமிழிசையை ஆராதனையிலிருந்து ஒதுக்கப் பார்த்தபோது மல்லுக்கு நின்றார். அத்தைக்கு அவர் என்றால் உயிர். அதே சண்டையில் அவர் சாதி வழக்கத்துக்காகவும் வாதாடினார் என்பதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "பாட்டை வச்சுக்கலாம், அவர் பண்ணின வக்காலத்து வேணாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

முடிவு: வட்டாரத்தின் பாட்டு பெத்தலகேம் ஊரோரம். கிடாரும், கஹோன் என்ற பெட்டி மேளமும் உண்டு. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

டிசம்பர் 21, சனி

இரண்டு சேதி.

ஒன்று, நேற்று வெளியான இங்கிலாந்துப் பட்டியலில் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' மறுபடியும் கிறிஸ்மஸ் முதலிடம். போன வருடமும் அதுதான். 1984இல் வெளிவந்தபோது எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பலரும் சேர்ந்து பாடிய பாட்டு அதை இரண்டாம் இடத்திலேயே நிறுத்திவிட்டது. 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' பாடிய ஜார்ஜ் மைக்கேலே அதிலும் பாடியிருந்தார் என்பதுதான் வேடிக்கை. பாவம், 2016 கிறிஸ்மஸ் அன்றே போய்விட்டார். இந்தச் சேதியை வீட்டில் சொன்னேன். ஒருவரும் தலை நிமிரவில்லை. நடுவயதுக்காரியின் பாட்டுக்கு எந்த வட்டாரத்திலும் வாக்கு இல்லை.

இரண்டு, அப்பா கட்சி மாறிவிட்டார். வாலிபர் சங்கத்துக்குத் தனியாக ஒரு பாட்டு உண்டு. அவர்கள் எடுத்திருப்பது போனி எம்! 'ரஸ்புடின்' ரீமிக்ஸ் 2021இல் போன் போனாகச் சுற்றியபோதிருந்து அந்தப் பையன்களுக்கு அந்தக் குழு பழக்கம். பேஸ் கிடார் வாசிக்கிற பையன் அப்பாவிடம் வந்து, "அங்கிள், அந்தப் பாட்டுல ரெண்டாவது பாதி எங்களுக்கு வார்த்தை வரல, நீங்க வர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறான். 74 வயதில் வாலிபர் சங்கம். காலையிலிருந்து இஸ்திரி போட்ட சட்டை ஹேங்கரில் தொங்குகிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

எங்கள் பாட்டு மகளின் வேகத்தில்தான் தொடங்கியது. முதல் சரணம் அழகு. இரண்டாவதில் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து கைதட்டல் கிளம்பியது. யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள், கஹோன் பையன் எங்களை விட்டுவிட்டுக் கைதட்டலோடு போய்விட்டான். மகள் ஒரு கணம் ஆச்சியை முறைத்தாள். அப்புறம் வேறு வழியின்றி விரலை வேகப்படுத்தினாள். ஐந்து நிமிடப் பாட்டு மூன்றே நிமிடத்தில் முடிந்துவிட்டது. பாடகர் குழுத் தலைவருக்கு மட்டும் பரம சந்தோஷம்.

அப்பா தொடக்கத்தில் அரை கட்டை ஏற்றி எடுத்துவிட்டார். பையன்கள் அவரோடு போனார்கள். 'ஓ மை லார்ட்' வரும் இடத்தில் ஆடவும் செய்தார். ஆயர் சிரித்ததை நான் பார்த்தேன்.

டிசம்பர் 25, புதன்

விடியற்கால ஆராதனை, மட்டன், தூக்கம். சாயங்காலம் யார் போனை ஸ்பீக்கரில் இணைப்பது என்று வழக்கமான இழுபறி. என் முறை வந்தபோது விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள்.

டிசம்பர் 27, வெள்ளி

அத்தை தூத்துக்குடி ரயிலுக்குக் கிளம்பினார். ஊரில் கேட்பதற்குப் பாட்டுகளை ஏற்றித்தரச் சொன்னார். மகள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கேட்டு ஏற்றினாள். ஜிம் ரீவ்ஸ் சரி. பாமாலை எல்லாம் சரி. "உங்க தாத்தா ஆடுன பாட்டு மட்டும் வேண்டாம்" என்றார், அப்பாவுக்குக் காது கேட்கும் தூரத்தில்.

மகள் தன் அறையில் தானே பதிவு செய்த பெத்தலகேம் ஊரோரத்தையும் சேர்த்திருந்தாள், பழைய மெதுவான வேகத்திலேயே. போட்டுக் காட்டினாள். அத்தை கொஞ்சம் கேட்டார், உதட்டைச் சுழித்தார். மகள் திரையில் எதையோ தட்டி ஒன்றரை மடங்கு வேகத்துக்கு மாற்றினாள்.

"ஆங், இது பாட்டு. இதை எப்படிச் செய்யணும்னு எனக்குக் காட்டிக் குடு."

மகள் காட்டிக்கொடுத்தாள். ஆட்டோ வருவதற்குள் அத்தை 'ஒப்பில்லா திரு இரா'வையும் அதே வேகத்துக்கு ஏற்றிவிட்டார்.