எடுப்புக்கு முந்திய மூச்சு

கிளிநொச்சியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறேன். ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, சுவரெல்லாம் ஸ்பொஞ்ச். கோயில் திருவிழா அறிவிப்பு, மரண அறிவித்தல், பாடசாலைக் கீதம், எப்போதாவது ஒரு பக்திப்பாடல் இறுவட்டு, இவைதான் வேலை. பிழை இல்லாமல், சத்தம் தெளிவாக, ஒரே மட்டத்தில் கொடுத்தால் அது நல்ல பதிவு என்று பல வருடம் நம்பியிருந்தேன்.

போன வருடம் முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து சங்கீத ரீச்சர் ஒருவர் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தார். வயலின் ஒன்பது, புல்லாங்குழல் இரண்டு, மிருதங்கம் ஒன்று. ஒரு கீர்த்தனையைப் பதிவுசெய்ய வேண்டும். என் அறைக்குள் மூன்று பேருக்கு மேல் இருந்து வில் போட முடியாது. அதனால் மூன்று மூன்று பேராக உள்ளே விட்டு, காதில் ஹெட்செட் மாட்டி, தாளத்துக்குக் கணினியின் கிளிக் சத்தத்தைக் கொடுத்து, துண்டு துண்டாக எடுத்து, இரண்டு இரவு கண்விழித்து ஒவ்வொரு சுரத்தையும் நேராக்கி ஒட்டினேன். பிந்தியதை முன்னால் இழுத்தேன், மெலிந்ததை உயர்த்தினேன், மூச்சுச் சத்தங்களை அழித்தேன்.

ரீச்சர் முழுவதையும் கேட்டார். "தம்பி, பிழை ஒண்டுமில்லை. ஆனா இது எங்கட பிள்ளையள் வாசிச்ச மாதிரி இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வசனம் எனக்கு ஒரு கிழமை தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த நாட்களில்தான் ஜேர்மனியிலிருந்து வந்திருந்த சித்தப்பாவின் மகன் தந்துவிட்டுப்போன இறுவட்டுகளில் ஒன்றை எடுத்துப் போட்டேன். பீத்தோவனின் 5ஆம், 7ஆம் சிம்பொனிகள். வாசித்தவர்கள் வெனிசுவேலாவின் சிமோன் பொலிவார் இளையோர் இசைக்குழு, நடத்தியவர் குஸ்தாவோ டுடாமெல், 2006இல் டொய்ச்ச கிராமபோன் என்ற இசைப்பதிவு நிறுவனம் வெளியிட்டது. அப்போது டுடாமெலுக்கு 25 வயது. 18 வயதிலேயே அந்தக் குழுவை நடத்தப் பொறுப்பேற்றவர், 2004இல் ஜேர்மனியின் பாம்பெர்க் நகரில் இசையமைப்பாளர் மாலரின் பெயரில் நடந்த இசைக்குழு நடத்துநர் போட்டியில் வென்றவர். இந்த இரண்டு சிம்பொனிகளையும் அதே நிறுவனத்துக்காக 1970களில் கார்லோஸ் கிளைபர் என்ற நடத்துநர் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் பதிவுசெய்துவிட்டார், அதை மிஞ்ச ஆளில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். அது தெரிந்தும் தன் முதல் இறுவட்டுக்கு இதே இரண்டையும் எடுத்த துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

5ஆம் சிம்பொனியின் தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், த த த தாம். ஆனால் அது தாளத்தின் தட்டில் தொடங்குவதில்லை. முதலில் அரை இடம், அதாவது அரைத் தட்டு, மௌனம், அதற்குப் பிறகுதான் மூன்று குறிலும் ஒரு நெடிலும். பாட்டு தொடங்கும் இடத்தை நாம் எடுப்பு என்போம், தாளம் தொடங்கிய பிறகு வரும் இது நம் கணக்கில் அநாகத எடுப்பு. ரீச்சரின் பிள்ளைகள் வாசித்த கீர்த்தனையின் எடுப்பும் சமத்தில், தாளத்தின் முதல் தட்டில், இல்லை, அரை இடம் தள்ளித்தான். இன்னொன்று, அந்த நான்காவது சுரம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்று பீத்தோவன் எண்ணி எழுதவில்லை, மேலே ஒரு நிறுத்தக் குறி போட்டதோடு சரி. எப்போது நுழைவது, எப்போது விடுவது என்பதை நடத்துநரின் கையும் பக்கத்தில் இருப்பவரின் தோளும்தான் சொல்ல வேண்டும். கிளிக் சத்தத்துக்கு அதில் வேலையே இல்லை. வழக்கத்தைவிட ஆள் கூடிய குழு என்று பெயர் எடுத்த அந்தக் குழு அந்த மௌனத்துக்குள் ஒன்றாக மூச்சை இழுத்து ஒன்றாக இறங்குவதை ஹெட்செட்டில் கேட்டபோது, நான் பிள்ளைகளிடமிருந்து எதை அழித்தேன் என்று விளங்கியது.

வெட்டி ஒட்டாத பதிவு அது என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய நிறுவனங்களும் பலமுறை வாசித்ததிலிருந்து நல்ல துண்டுகளை எடுத்து இணைப்பதுண்டு. ஆனால் வாசித்தவர்கள் ஒரே இடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்திருக்கிறார்கள். அது கேட்கிறது.

5ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் அவர்களுக்கு அவசரம் கொஞ்சம் கூடிவிட்டது என்றுதான் நினைக்கிறேன், கிளைபரின் கூர்மை அதில் இல்லை. 7ஆவதின் இரண்டாம் பகுதிதான் என்னை உட்காரவைத்தது. துளைக்கருவிகள் ஒரு கூட்டொலியை ஊதி மங்கவிட, வயலினைவிடத் தாழ்ந்த சுருதி வில் வாத்தியங்களான வயோலாவும் செலோவும் டபுள் பேஸும் தாழ்ந்த சத்தத்தில் தொடங்கும், தாம் தக தாம் தாம், தாம் தக தாம் தாம், அதே நடை திரும்பத் திரும்ப, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் ஆட்கள் சேர்ந்து, கடைசியில் முழுக் குழுவும் வந்துவிடும். அந்தத் தொடக்கத்தை என் கையில் தந்திருந்தால் சத்தம் காணாது என்று உயர்த்தியிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். 1813 டிசம்பரில் வியன்னாவில் இந்தச் சிம்பொனி முதன்முதலில் அரங்கேறியபோது கேட்டவர்கள் இந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்களாம். ஹனாவ் போரில் காயப்பட்ட படைவீரருக்கு நிதி சேர்த்த கச்சேரி அது. வன்னியில் இருந்து இதைக் கேட்கிற ஒருவனுக்கு அந்தத் தகவல் வெறும் தகவலாக நிற்காது. என் தெருவிலேயே ஊன்றுகோல் இருக்கும் வீடுகள் நான்கு.

அப்புறம் அந்தக் குழுவின் வரலாறு. 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய இசைக்கல்வித் திட்டத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள், டுடாமெலும் அதில் வயலின் படித்தவர்தான். முதல் ஒத்திகைக்கு நூறு பேர் வருவார்கள் என்று அப்ரேயு காத்திருந்தாராம், வந்தது 11 பேர். ரீச்சரின் பன்னிரண்டு பேர் உடனே ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அடுத்த நாள் அழைப்பு எடுத்தேன். "ரீச்சர், காசு வேண்டாம், இன்னொருக்கா எடுப்பம். இந்த முறை நான் அங்க வாறன்." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஞாயிறு வாங்கோ, பிள்ளையளை மறிச்சு வைக்கிறன்" என்றார்.

பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகளை அரைவட்டமாகத் தரையில் இருத்தினேன், எல்லோருக்கும் மிருதங்கக்காரப் பெடியனின் முகம் தெரிகிற மாதிரி. பன்னிரண்டு பேருக்கும் இரண்டே மைக், தலைக்கு மேலே உயர்த்தி, நாலைந்து அடி தள்ளி. புல்லாங்குழல் கேட்கவில்லை என்றால் மைக்கை நகர்த்தவில்லை, பிள்ளையை முன்னுக்கு இருத்தினேன். ஹெட்செட் இல்லை, கிளிக் இல்லை. முதல் தடவை எடுப்பில் சிதறினார்கள். இரண்டாவது தடவை நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் வெளியே லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று போனது. நான்காவது தடவைக்குள் மயில் அகவியது. ஐந்தாவதில் முன்வரிசைப் பிள்ளை ஒன்று வில்லைத் தூக்க, எல்லோரும் அதோடு சேர்ந்து மூச்சை இழுத்து, அந்த அரை இடத்தைத் தாண்டி ஒன்றாக விழுந்தார்கள். சரணத்தில் ஒரு வயலின் சுருதி கொஞ்சம் தளர்ந்தது. அப்படியே விட்டேன்.

ரீச்சர் மண்டபத்திலேயே ஹெட்செட்டை வாங்கிக் கேட்டார். தொடக்கத்தில் மூச்சுச் சத்தம் ஒன்று கேட்குது தம்பி, அது இருக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் ரீச்சர் என்றேன்.

வைகாசியில் ஒரு நாதஸ்வர, தவில் குழுவைப் பதிவுசெய்ய ஒத்துக்கொண்டிருக்கிறேன். என் அறைக்குள் இல்லை. கோயில் மண்டபத்தைப் போய்க் கைதட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். தகரக் கூரைதான், ஆனால் மழை வராத மாதம்.