வாசல் கிழக்கு, காற்று மேற்கு: கிருஷ்ணகிரித் தோட்ட நாட்குறிப்பு

29.06.2025
இடம் காவேரிப்பட்டணம் சாலையோரம். கிழக்குப் பார்த்த வீடு. தோட்டத்தை ஃபெங் சுயி என்ற சீன முறைப்படி அமைக்கிறோம். முன்னால் 40-க்கு 25 அடி, பின்னால் 8 அடிச் சந்து.

செல்போன் திசைகாட்டி கேட் பக்கம் ஒன்று சொல்கிறது, போர் மோட்டார் பக்கம் வேறொன்று. இரும்பிலிருந்து 10 அடி தள்ளி நின்று மூன்று இடத்தில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் குறித்துக்கொள்ள வேண்டும். ஃபெங் சுயி வட்டத்தில் ஒரு திசைக்கு 45 டிகிரி. 25 டிகிரி பிசகினால், வடக்கில் வரவேண்டிய தண்ணீர் மண்ணுக்குரிய வடகிழக்கு மூலையில் போய் உட்காரும். சீன வரைபடத்தில் தெற்குதான் மேலே. அதைக் கவனிக்காமல் படியெடுத்தால் தோட்டமே தலைகீழ்.

02.07.2025
ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் தண்ணீர். வீட்டு முதுகுக்கு ஆமை போல உயரம், முன்னால் திறந்தவெளி. வாசலில் நின்று வெளியே பார்த்தால் இடப்பக்கத்துக்கு டிராகன் என்று பெயர், வலப்பக்கத்துக்குப் புலி. டிராகன் பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும்.

சீனாவில் குளிர்காற்று வடக்கிலிருந்து வருவதால் ஆமையை வடக்கில் வைத்தார்கள். இங்கே தடுக்க வேண்டியது மேற்கிலிருந்து வரும் ஆடிக் காற்று. இந்த வீட்டுக்கு முதுகும் மேற்குதான், பொருத்தம் தானாக அமைந்துவிட்டது. புத்தகத்தில் இருக்கிறதென்று வடக்குச் சுவரை உயர்த்தினால் சிமெண்டுதான் செலவு.

இடப்பக்கம் வடக்கு. வாஸ்து பார்ப்பவர்கள் அங்கே பெரிய மரம் வைக்க விடமாட்டார்கள். 6 அடிக்கு வளரும் நந்தியாவட்டை, தெற்கில் 3 அடி இட்லிப்பூ என்றால் வாஸ்துவுக்கும் ஃபெங் சுயிக்கும் சமாதானம். வெயிலும் வருடத்தில் பெரும்பகுதி தெற்கே சாய்ந்து வருவதால் தெற்கு தாழ்ந்திருப்பது செடிகளுக்கும் நல்லது.

06.07.2025
கேட்டிலிருந்து வாசலுக்கு நேர்கோட்டில் 25 அடி. நேர் பாதை அம்பு மாதிரி; கேட்டில் கிளம்பும் புழுதி நடு ஹாலில்தான் நிற்கும். தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டு, அதன் ஓரமாகச் சுண்ணாம்புப் பொடி தூவினோம். நடுவில் 3 அடி விலகும் ஒரே வளைவு. நீளம் ஒரு அடிதான் கூடுகிறது. பாம்பு மாதிரி மூன்று வளைவு வைத்தால், பத்தே நாளில் ஆட்கள் புல்லுக்குள் குறுக்குவழி போட்டுவிடுவார்கள்.

பாதைக்கு அடியில் 4 அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, திமிசுக்கட்டையால் இடித்து, மேலே 2 அங்குலம் எம்-சாண்ட் (கல்லை உடைத்து அரைத்த மணல்). அதன் மேல் பதிக்க, கிரானைட் பட்டறையில் கழித்துப்போடும் துண்டுகள் இந்த ஊரில் மலிவு. பாலிஷ் முகம் கீழே, சொரசொரப்பு மேலே. கறுப்புக் கல் வேண்டாம், சித்திரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது.

ரோஜாவை ஓசூர் பக்கத்து ஆட்களிடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முள் வாசலுக்கு ஆகாது என்பது விதி; வாசலிலிருந்து 6 அடி தள்ளி வைத்தால் புடவை மாட்டாது.

09.07.2025
தென்மேற்கில் பாறை. அதுவும் மண்ணுக்கான மூலை, வாஸ்துவும் கனம் அங்கேதான் என்கிறது. கன அடிக்கு 75 கிலோ, 4 கன அடிக் கல்லென்றால் 300 கிலோ. மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். மேலே சும்மா வைத்தால் இறக்கிப் போட்ட லோடு மாதிரித் தெரியும். கல்லை உடைக்கத் தமர் (துளை) போட்ட தழும்பு மண்ணுக்குள் மறைய வேண்டும். கூர்முனை வாசலைப் பார்க்கக் கூடாது.

13.07.2025
வடக்கில், வாசலுக்கு முன்னாலேயே தொட்டி. 4-க்கு 3 அடி முட்டை வடிவம், ஆழம் ஒன்றரை அடி, கிட்டத்தட்ட 400 லிட்டர். தண்ணீரைச் சுழற்றி விழவைக்க, ஏர்கூலரில் இருக்கும் 18 வாட் சிறு மோட்டார் போதும். தண்ணீர் விழும் வாய் வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும்.

போர் தண்ணீர் இங்கே உப்பு. ஒரே மாதத்தில் கல்லில் வெள்ளைப் படலம் கட்டும். மாடி மழைநீரைத் திருப்பிவிடுவதுதான் வழி. புதுச் சிமெண்டின் காரம் மீனைக் கொல்லும். மூன்று முறை நிரப்பி, ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் ஊறவிட்டு வடிக்க வேண்டும். பிறகு 15 கப்பி மீன், கொசுவுக்கு.

20.07.2025
ஆடி 4. மேற்குச் சந்தில் நெட்டிலிங்கம், 4 அடிக்கு ஒன்று, 2 அடிக் குழி. மதில் மட்டும் இருந்தால் காற்று அதைத் தாண்டி உள்ளே சுழன்று விழும். பாதி ஊடுருவவிடும் இலைதான் வேகத்தைக் குறைக்கும்.

மூன்றாவது கன்று சாய்ந்து, கழியில் உரசித் தோல் கிழிந்திருக்கிறது. கழி கிழக்கே நட்டிருந்தது. காற்று வரும் மேற்குப் பக்கம் மாற்றி, சைக்கிள் ட்யூப் துண்டை எட்டு வடிவில் சுற்றிக் கட்டியாயிற்று. தொட்டித் தண்ணீரை இன்று முதலாவது முறையாக வடித்தோம்.